காகத்தையும் எழுது

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, ஆறு கலங்கி ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கும் கூட்டத்தோடு திருப்புடைமருதூர் போயிருந்தேன். பள்ளிப் பிள்ளைகள், சில வாத்தியார்கள், என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நிற்கும் மருத மரங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே கூடு கட்டும் பறவைகளை ஊர்க்காரர்கள் விரும்பிக் காத்ததால், 2005-இல் அது பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. நம்மூர்ப் பக்கம் என்பதில் எனக்குப் பெருமைதான்.

இப்போது கூடுகள் இல்லை. ஆனால் வடக்கேயிருந்து வலசை வருகிறவை வந்து இறங்கும் மாதம் இது. மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆற்றுப் பாறையில் உள்ளான் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டே ஓடியது. கார் நெல் அறுப்பு முடிந்து, அடுத்த போகமான பிசான நெல்லுக்கு உழுகிறார்கள். டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள்.

வரப்போரம் ஒரு நத்தைகுத்தி நாரையை வெகுநேரம் பார்த்தோம். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி, நத்தையைத் தண்ணீருக்குள்ளேயே அழுத்திப் பிடித்துச் சதையை மட்டும் உருவி எடுத்தது. மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிற அலகு அதற்கு. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காதாம், வளர வளரத்தான் வரும். பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள்.

பார்த்ததையெல்லாம் இபேர்டு செயலியில் எண்ணிக்கையோடு பதிய வேண்டும். "காக்காயுமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். "காக்கா, மைனா, புறா எல்லாம்தான்" என்றார் வாத்தியார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அபூர்வமானதை மட்டும் எழுதினால், எழுதாமல் விட்ட மைனா அங்கே இருந்ததா இல்லையா என்று பின்னால் யாருக்குத் தெரியும்? முழுப் பட்டியல் இருந்தால்தான் எது குறைகிறது என்று கணக்குப் போட முடியும்.

2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை அப்படித்தான் உருவானது. சுமார் 30,000 பேர் எழுதிய 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் நம் பனங்காடையும் குறைந்து வருகிறது என்று இருக்கிறது. அம்பைக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, அது பறக்கையில் இறக்கையில் தெரியும் நீலத்தைக் காட்டிக் கத்துவாயே, அதே பனங்காடை. இந்த முறை வாழைத் தோட்டத்துக் கம்பியில் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தோம். அதையும் எழுதி வைத்தோம்.

அம்மாடி, புனேயிலும் முளா-முட்டா ஆற்றங்கரை இருக்கிறது. லீவு நாளில் காலையில் ஒரு கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் எழுது. தனியாகப் போகாதே, கூட நாலு பேர் இருந்தால் பார்வையும் கூடும், துணையும் ஆகும். அறைக்குள்ளேயே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அம்மாவுக்கும் கவலை.

அப்புறம் ஒரு வேலை. பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். பொங்கலுக்கு வரும்போது இரண்டு வாங்கி வா. 8x42 என்று கேள், அதுதான் இதற்குச் சரி. விலையை முன்னாலேயே சொல், பணம் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா