ஆள் இருக்கிறாரா?

அன்புள்ள கணேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வில் கைரேகை வாங்கினார்கள், தெரியாத கேள்விக்குக்கூட 'விடை தெரியவில்லை' என்ற E வட்டத்தைக் கருப்பாக்கச் சொன்னார்கள் என்று பேத்தி அலுத்துக்கொண்டாளாமே. எல்லாம் 2019 குரூப் 4 முறைகேடு செய்த வேலை. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முதல் 100 இடங்களுக்குள் கொத்தாக வந்து நின்றார்கள். தானாக அழியும் மை, வழியிலேயே விடைத்தாள் திருத்தம். 99 பேருக்கு வாழ்நாள் தடை. வட்டம் காலியாக இருந்தால்தானே இன்னொருவர் கை நுழையும்? அவளிடம் சொல்.

சம்பளப் பட்டியலும் இப்போது அப்படித்தான் இறுகியிருக்கிறது. நான் வேலை பார்த்த ஊரில் ஒருவர் மாறுதலில் போனார். கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கான எல்.பி.சி. சான்றைக் கொடுத்து அனுப்பிய அலுவலகம், சம்பள பில்லிலிருந்து பெயரை எடுக்கவில்லை. இரண்டு இடத்திலும் சம்பளம்! கண்டுபிடித்தது ஆடிட் அல்ல, கடன் கொடுத்த கூட்டுறவு சொசைட்டியின் கிளார்க். கடன் பிடித்தம் ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்ததே என்று விசாரித்தார். இன்று அரசின் 'களஞ்சியம்' கணினி முறையில் ஆளுக்கு ஓர் எண், எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேடும் அதற்குள்ளேயே. அந்த விளையாட்டு சுலபமில்லை.

ஆனால் கான்ட்ராக்டர் மூலம் ஆள் வைக்கும் அவுட்சோர்சிங் பில்லை எடுத்துப் பார். கான்ட்ராக்டர் பெயரில் மொத்தமாக ஒரு தொகை. ஆட்களுக்கு பி.எஃப். கட்டிய சலான் இணைத்திருந்தால் சரி. சலானில் உள்ள பெயரும் தெருவில் பெருக்கும் ஆளும் ஒன்றுதானா, கைக்கு எவ்வளவு போனது என்று பில்லைப் பாஸ் செய்கிறவருக்கு எப்படித் தெரியும்? 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கூலி கொடுக்கும்போது வேலை வாங்கும் அலுவலகத்தின் ஆள் எதிரில் நின்று சான்று எழுத வேண்டும் என்றது. அப்படி நின்ற ஒருவரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. சான்று மட்டும் தவறாமல் வரும்.

2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் போராட்டம் நடத்தி உட்கார்ந்தார்களே, தனியாரிடம் போனால் சம்பளம் குறையும் என்பதுதான் அவர்கள் பயம். காசு கொடுப்பது மாநகராட்சி, வாங்குவது கம்பெனி. இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

பென்ஷன் வாங்கும் நம்மை மட்டும் வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறோமா என்று விடாமல் கேட்கிறார்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து ரேகை எடுக்கிறார், 70 ரூபாய். எனக்குக் கட்டைவிரல் பதியவில்லை, வேறு விரலை வைத்துச் சமாளித்தார். உனக்கு முடிந்ததா? இல்லையென்றால் அலையாதே, தபாலாபீஸில் சொல்லிவை. தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
சுந்தரம்