வெங்காயப்பூவும் கல்கரிக் குளிரும்

அன்பு மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நேற்றுத்தான் வெங்காயம் பிடுங்கி முடிந்தது. பிடி பிடியாகக் கட்டி கூரை வளையில் தூக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கையில் மணம் இன்னும் போகவில்லை.

அன்றைக்குப் போனில் நீ சொன்னதைக் கேட்க முதலில் சிரிப்புத்தான் வந்தது. வெங்காயத் தோட்டக்காரன் மகள் கனடாவில், கல்கரியில், காசு கொடுத்து வெங்காயம் வாங்கி நடுகிறாள், அதுவும் பூவுக்கு! இங்கே பூத்தண்டு எழும்பினால் கிழங்கு சிறுத்துவிடும் என்று முறித்துக்கொண்டு வருவோம், அம்மா தேங்காய்ப்பூ போட்டு வறை வறுப்பார். அப்புறம் நீ, “இலை வந்தது, பூ ஒன்றுகூட இல்லை, எனக்குக் கைராசி இல்லை அப்பா” என்றாய். அதோடு சிரிப்பு நின்றது.

கைராசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஒக்டோபரில் மலிவாக வாங்கிய கிழங்கை பேஸ்மென்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்து மே மாதம் நட்டாயே, அதுதான் பிழை. குளிர் பட்டுவிடும் என்று நீ பாதுகாத்தாய். அந்தக் கிழங்குக்கு வேண்டியதே குளிர்தான். மண்ணுக்குள் ஏறக்குறைய மூன்று மாதம் நல்ல குளிரில் கிடந்தால்தான் பூத்தண்டு எழும்பும். இல்லையென்றால் வெறும் இலையோடு நின்றுவிடும். எங்கள் வெங்காயமும் மார்கழி, தைக் குளிருக்குத்தானே பூத்தண்டு விடுகிறது? இங்கே அது தொல்லை, உனக்கு அதுதான் அறுவடை.

பெட்டியில் இருந்த படத்தை நீ அனுப்பினாய் அல்லவா, ‘பர்ப்பிள் சென்சேஷன்’ என்று. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் போனில் தேடித் தரச் சொல்லி வாசித்தேன். அந்தச் சாதியின் பூர்வீகம் மத்திய ஆசிய மலைகள். அங்கே குளிர்காலத்தில் எல்லாம் உறைந்து கிடக்கும், பனி உருக ஈரம் வரும், பிறகு கோடை வந்து மண்ணைக் காயவைத்துவிடும். அந்த இடைவெளிக்குள் இலை விட்டு, பூத்து, கிழங்கில் சேமித்துக்கொண்டு அது உறங்கிவிட வேண்டும். கல்கரியில் கோடை குறுகியது என்று நீ கவலைப்படுகிறாய். இந்த வெங்காயம் கோடை முற்றுவதற்கு முன்னமே தன் வேலையை முடித்துவிடும். ஏப்ரலில் முளை தலைகாட்டும்போது ஸ்நோ விழுந்தாலும் பயப்படாதே, அந்த இலை உறைபனியைத் தாங்கும். ஜூனில் மூன்றடித் தண்டின் நுனியில் ஊதாப் பந்து வரும்.

செப்டெம்பர் கடைசியில், மண் இறுகுவதற்கு முன் நடு. நாங்கள் நுனி தெரிய மேலாக ஊன்றுவது போல ஊன்றிவிடாதே. கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம் வேண்டும், பெரிய கிழங்கென்றால் முக்கால் சாண். மேலாக இருந்தால் மண் உறைந்து உறைந்து இளகும்போது கிழங்கை வெளியே தள்ளிவிடும். உங்கள் ஊரில் சினூக் என்று ஒரு சூட்டுக் காற்று நடுக்குளிரில் வந்து ஸ்நோவைக் கரைத்துவிடுகிறதாமே. அதனால் மண் உறைந்த பிறகு மேலே காய்ந்த இலைகளைக் கனமாகப் பரப்பிவிடு. மூடுவது சூடாக வைக்க அல்ல, குளிரை ஒரே அளவில் பிடித்து வைக்க.

இன்னொன்று, தண்ணீர். உன் வளவில் களிமண் என்றாய். எங்கள் செம்பாட்டு மண்ணில் எவ்வளவு இறைத்தாலும் வடிந்துவிடும், களியில் தேங்கும், கிழங்கு அழுகும். குளிர் கொல்லாததை ஈரம் கொன்றுவிடும். பாத்தியை மேடாக்கி நடு.

பூ விரியும் நேரத்திலேயே அடி இலைகள் மஞ்சளாகும். வடிவாக இல்லை என்று வெட்டிவிடாதே! இங்கே தாள் சாய்ந்து வாடின பிறகுதானே பிடுங்குகிறோம்? பிடுங்கியும் தாளோடுதானே கட்டுகிறோம்? இலையில் உள்ளது எல்லாம் கிழங்குக்கு இறங்க வேண்டும், அடுத்த வருசப் பூ அதற்குள்தான் இருக்கிறது.

இந்த வருசம் நட்டதைக் கிண்டிப் பார்க்காமல் அப்படியே விடு. வருகிற குளிர்காலம் அதற்குப் போதும், பாதியாவது பூக்கலாம். கிழங்கு இலேசில் சாகாது. 1995 ஒக்டோபரில் சண்டையில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது வளையில் தொங்கிய விதை வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனோமே, உனக்கு அப்போது ஆறு வயது. அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தால் பிடி பிடியாய்த் தோல்தான் மிச்சம். ஒரு பிடிக்குள் மட்டும் நாலைந்து கிழங்கு, கொட்டைப்பாக்கு அளவில், கல்லுப்போல இருந்தது. அதைத்தான் திரும்ப ஊன்றினேன், முளைத்தது.

அவசரமென்றால் சைவ்ஸ் என்ற, தாளுக்கு வளர்க்கும் சின்ன வெங்காயச் சாதி, ஒரு தொட்டி வாங்கி வை. தலை கவிழ்ந்து பூக்கும் ஒரு வெங்காயம் அல்பேர்ட்டாவிலேயே காட்டில் தானாக வளர்கிறதாம், அதுவும் தொட்டியில் கிடைக்கும். இரண்டையும் வசந்தத்தில் நடலாம். முயலும் மானும் வெங்காய மணத்துக்குப் பெரும்பாலும் கிட்ட வராது.

ஊதாப் பந்தை வறை வறுக்கலாமா என்று அம்மா கேட்கிறார். அழகுக்கு விற்பதை வாயில் வைக்க வேண்டாம். சைவ்ஸ் பூவென்றால் வறுக்கலாம், நிறையத் தேங்காய்ப்பூ போடு.

அன்புடன்,
அப்பா