ஒரே ரத்தம், இரண்டு கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுநீரக நோய்க் கட்டுரையில், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இந்நோய் மிகுந்திருப்பதற்கு உணவுப் பழக்கமும் பரம்பரையுமே காரணம் என்று எழுதி முடித்துவிட்டார் கட்டுரையாளர். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்நாட்டு டயாலிசிஸ் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகள் செவிலியாக இருந்தவள் நான். அவர் விட்டுவிட்டதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அங்கே அப்போதெல்லாம் பரிசோதனைத் தாளில், சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன் இரண்டு வரிகளில் அச்சாகி வரும். கறுப்பினத்தவர் என்றால் ஒரு எண், மற்றவர் என்றால் வேறொரு எண். ரத்தம் ஒன்றுதான். தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின், சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் தேங்கும்; அதன் அளவும் ஒன்றுதான். கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினினும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு, 2009-இல் வந்த சூத்திரம் அவர்களுக்கு மட்டும் விடையை 1.159-ஆல் பெருக்கியது. எதிரில் இருப்பவரின் தசையை யாரும் அளந்து பார்க்கவில்லை. அந்த நோயாளிகளில் சிலரைவிட நான் கறுப்பு. என் தாளில் 'மற்றவர்' வரியைத்தான் படித்தார்கள்.

இந்தத் திறன் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால், டயாலிசிஸ் தொடங்கும் முன்பே மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் இடம் பிடிக்கலாம். நான் பார்த்துக்கொண்ட ஒரு பஸ் ஓட்டுநர் பழைய தாள்களையெல்லாம் மடித்துப் பையில் வைத்திருந்தார். ஒன்றில் 'மற்றவர்' வரியில் 18, அவருக்குரிய வரியில் 21. வெள்ளையராக இருந்திருந்தால் அன்றே வரிசையில் நின்றிருப்பார். அவருக்கோ, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்காரும் நிலை வந்த பிறகுதான் காத்திருப்புக் கணக்கே தொடங்கியது. இதையும் பரம்பரை என்றே எழுதிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2021-இல் அந்தப் பெருக்கலை நீக்கினார்கள். இழந்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023-இல் மருத்துவமனைகளுக்கு உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் 14,000-க்கும் மேற்பட்டோருக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் சேர்க்கப்பட்டன. டயாலிசிஸ் நோயாளிக்கு இரண்டு ஆண்டுகள் என்றால் 300 முறைக்கு மேல் கையில் ஊசி.

வரிசையில் உயிரோடு நின்றவர்களுக்குத்தான் அந்தத் திருத்தம் பயன்பட்டது. அந்த ஓட்டுநர் 2019-லேயே இறந்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலி,
நாகர்கோவில்.