என் பாட்டை நான் பாடத் தடை வேண்டாம்

எங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்ட இசை நிறுவனத்தின் உரிமைப் பிரிவினருக்கு,

வணக்கம்.

எங்கள் ராக் இசைக்குழு கலைந்ததும், ஆளுக்கொரு திசையில் பிரிந்ததும் நீங்கள் அறிந்ததே. சென்ற வெள்ளிக்கிழமை இரவு வந்த உங்கள் அறிவிப்பைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

60 பேர் அமர்ந்திருந்த சிறிய அரங்கில், டிரம்ஸும் பேஸும் இல்லாமல் ஒற்றைக் கிட்டாரோடு நான் பாடிய காணொளியை யூடியூபிலிருந்து நீக்க வைத்திருக்கிறீர்கள். வேளச்சேரியில் முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டிவைத்த மாடியறையில் நான் எழுதி, நானே மெட்டமைத்த பாடல் அது. அன்று தொண்டை கிழியக் கத்திய சரணத்தை இன்று சுருதியைக் குறைத்து, ஏறக்குறையப் பேசுவதுபோலப் பாடுகிறேன். நான்கு பேர் எழுப்பிய ஓசையைத் தனியாளாக எழுப்ப முயலக் கூடாது என்று புரியவே எனக்கு ஓராண்டு பிடித்தது.

அறிவிப்பு வந்த மறுநாள் வேறோர் அரங்கில், முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி அதே பாடலைப் பாடச் சொல்லிக் கேட்டார். கிட்டாரில் அதன் முதல் சுரக்கோர்வையில் விரல்களை வைத்துவிட்டேன். மேடையின் ஓரத்தில் நின்ற அரங்க மேலாளர், வேண்டாம் என்று கையசைத்தார். முந்தைய இரவு நடந்தது அவருக்கும் தெரிந்திருந்தது. விரல்களை எடுத்தேன். "வரி மறந்துடுச்சா அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டார். ஆமாம் என்றேன். பதினான்கு வருடங்களாக மேடையில் பாடுகிறேன். சொந்தப் பாட்டையே மறந்துவிட்டதாகப் பொய் சொன்னது அன்றுதான்.

ஆல்பத்தின் ஒலிப்பதிவு உங்களுடையது. அதன் உரிமையை நான் கோரவில்லை. அதிலிருந்து ஒரு நொடியைக்கூட அந்தக் காணொளியில் பயன்படுத்தவும் இல்லை. வரிகளின், மெட்டின் உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்த 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கால வரம்பு குறிப்பிடப்படவில்லை. அப்படிக் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19(5)ஆம் பிரிவு சொல்கிறது. இதை விளக்கி நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை. நான் எழுதிய பாட்டை நான் பாடத் தடை போடாதீர்கள் என்பதே என் கோரிக்கை.

அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகெர்ட்டிக்கு நேர்ந்ததை இசைத்துறையில் இருக்கும் நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. 1972இல் அவருடைய கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு கலைந்த பிறகு, தன் பாடல்களின் உரிமை ஃபேன்டசி என்ற இசை நிறுவனத்திடம் சிக்கியிருந்த கசப்பில், அவற்றை மேடையில் பாடுவதையே அவர் பல ஆண்டுகள் நிறுத்திவிட்டார். 1985இல் தனி ஆல்பத்துடன் மீண்டு வந்தபோது, அதிலிருந்த ஒரு பாடல் அவரே 1970இல் எழுதிய பாடலின் நகல் என்று அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1988இல் சாட்சிக் கூண்டில் கிட்டாரை வாசித்துக் காட்டி, தன் பாணியில் தான் பாடுவது திருட்டல்ல என்று அவர் நிறுவ வேண்டியிருந்தது. ஜூரிகள் அவர் பக்கம் நின்றார்கள். ஆனாலும் அந்தப் பாடல்களின் பதிப்புரிமையில் பெரும்பங்கு அவர் கைக்கு வந்தது 2023இல்தான்; அப்போது அவருக்கு வயது 77. அவ்வளவு காலம் காத்திருக்க என் குரல் இடம் கொடுக்காது.

கல்லூரியை விட்டு வெளியே வந்த பிள்ளைகளிடம், ஒரு வழக்கறிஞரிடம் காட்டக்கூட அவகாசம் தராமல், ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக அச்சடித்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இந்தத் துறை முழுவதும் இருக்கிறது. சினிமாப் பாட்டு இல்லாமல் இங்கே ராக் பாடிப் பிழைப்பதே பெரும்பாடு. முதலில் எழுதிய பாடல்களையும் பறித்துக்கொண்டால், குழு உடைந்தபின் தனியாக எழ நினைப்பவன் எதை ஊன்றி எழுவான்? கோபத்தில் சற்று விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்திருப்பது யூடியூபின் இரண்டாவது ஸ்டிரைக், அதாவது பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை. 90 நாட்களுக்குள் மூன்றாவதும் வந்தால் என் சேனலே போய்விடக்கூடும். நிகழ்ச்சி அமைப்பாளர்கள் அதைப் பார்த்துத்தான் என்னை அழைக்கிறார்கள். ஆகவே தயவுசெய்து இரண்டு ஸ்டிரைக்குகளையும் திரும்பப் பெறுங்கள். நான் எழுதிய பாட்டை நான் மேடையில் பாடவும், பாடியதைப் பதிவேற்றவும் தடையில்லை என்று ஒரே ஒரு வரியில் எழுதித் தாருங்கள். அடுத்த மாதம் திருச்சியில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. பாடல் பட்டியலை 10ஆம் தேதிக்குள் கேட்டிருக்கிறார்கள். அதற்குள் உங்கள் பதில் வந்தால் அந்தப் பாடலை முதலாவதாக எழுதிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆல்பத்தில் பாடியவன்