கோயில் மண்டபத்தில் கணக்கு வகுப்பு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஜொகூரில் வேலை கிடைத்ததைப் படித்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம், மழைதான் விடமாட்டேன் என்கிறது, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துப் பாதை முழுக்கச் சேறு. சரி, இந்த ஆண்டும் கணக்கு வகுப்பு உண்டா, உன் குடியிருப்பிலும் ஒன்று ஆரம்பித்தால் எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன்.

ஆமாம், இந்த ஆண்டு இறுதி விடுமுறையிலும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கணக்கு வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள், ஆறாம் ஆண்டு முடித்து அடுத்து படிவம் 1-க்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள், அதிலும் கணக்கு என்றாலே தடுமாறுகிறவர்கள். பெற்றோர்கள் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், படிவம் 1 பாடத்த இப்பவே ஆரம்பிச்சிடுங்க." நான் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நான்காம் ஆண்டுக் கணக்கிலேயே நின்றுபோன பிள்ளைக்கு அல்ஜிப்ராவை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து என்ன பயன்? எந்த இடத்தில் விட்டதோ அங்கேயே திரும்பிப் போய்த்தான் ஆரம்பிக்க வேண்டும், அதற்கு இந்த விடுமுறையை விட்டால் வேறு நேரம் கிடையாது.

ஒரு பையன், கெட்டிக்காரன்தான், 52-இல் 27 போனால் 35 என்று எழுதினான். அவசரத்தில் செய்துவிட்டான் போல என்று 81-இல் 46 கொடுத்தேன், 45 என்று எழுதினான். பார்த்தால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறான், மேலே இருப்பது எது கீழே இருப்பது எது என்று பார்ப்பதே இல்லை. அவனுக்கு அது ஒரு முறை, தப்பாமல் அதையே செய்கிறான். இத்தனை வருஷமும் தாளில் சிவப்பு மையில் தப்பு விழுந்திருக்கிறது, எப்படிச் செய்தாய் என்று யாரும் உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை. காகிதத்தில் வெட்டிய ஐந்து 10 வெள்ளி (ரிங்கிட்) தாள், இரண்டு 1 வெள்ளித் தாள் கொடுத்து, கடைக்காரருக்கு 27 வெள்ளி கொடு என்றேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தவன், "டீச்சர், ஒரு பத்த மாத்தணும்" என்றான். அவனாகவே சொன்னான், நான் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பின்னம்தான் எல்லாருக்கும் பெரிய தொல்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்கள், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டு. உடனே விதியைச் சொல்லாதே. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அது அரையைவிடக் குறையுமா என்று கேள், காகிதப் பட்டையை மடித்துப் பார்க்கச் சொல். படிவம் 1-இன் முதல் அத்தியாயத்திலேயே எதிர்மறை எண்ணும் பின்னமும் தசமமும் ஒன்றாக வந்துவிடுகின்றன, அப்புறம் விகிதம், அப்புறம்தான் அல்ஜிப்ரா, கடைசியில் பைதாகரஸ். பின்னம் புரியாத பிள்ளை முதல் மாதத்திலேயே வாயை மூடிக்கொள்கிறது. அதிலும் அங்கே பாடம் மலாயில், அதனால் பெச்சாஹான் (பின்னம்), பெர்புலுஹான் (தசமம்) போன்ற சொற்களையும் பெரிய அட்டையில் எழுதி மண்டபத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஆறாம் ஆண்டில் எழுதுகிற யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-இல் போய்விட்டது, அடுத்த வருஷமே படிவம் 3-இல் எழுதுகிற பி.டி.3-ம் போய்விட்டது. பிள்ளைகள் மேல் இருந்த பாரம் குறைந்தது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளி அறிக்கையில் அடைவுநிலை 2 (ஆறு நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) என்று இருந்தால் வீட்டில் யாருக்கும் அது உறைப்பதில்லை, ஏதோ பாஸ் ஆகிவிட்டான் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். படிவம் 5 முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போதுதான் கண் திறக்கிறது. தோட்டத்தில் வேலை செய்கிற பெற்றோரைத் தப்பு சொல்ல முடியுமா? விடிவதற்குள் போகிறவர்கள், டவுனில் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பப் பணமும் வேண்டும், கூட்டிப்போக வண்டியும் வேண்டும்.

நீ உங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஆரம்பிப்பதாக இருந்தால் கூட்டம் சேர்க்காதே. நாலைந்து பிள்ளைகள் போதும், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும், இடையில் மைலோவும் பிஸ்கட்டும் கட்டாயம் இருக்கட்டும். முதல் நாள் பாடமே நடத்தாதே, ஒவ்வொரு பிள்ளையும் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யட்டும், நீ பேசாமல் கேள். வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எட்டேழு ஐம்பத்தாறு நாக்கு நுனியில் இல்லாத பிள்ளை, பின்னத்தில் கீழே இருக்கிற பகுதி எண்ணைச் சமமாக்குவதற்குள் களைத்துவிடுகிறது. கணக்குகளை அவர்கள் வீட்டிலிருந்தே எடு. செம்பனைக் குலை வெட்டுகிற அப்பாவுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூலி, அரை டன் குறைந்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டால், நம் பிள்ளைகள் பென்சிலைத் தொடாமலே பதில் சொல்கிறார்கள்.

உன்னிடம் பழைய பின்ன அட்டைகள் மிச்சம் இருந்தால் அனுப்பிவை, என்னுடையது ஈரத்தில் ஊறிப்போயிற்று. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வருவாய்தானே? ஒரு நாள் முன்னாலேயே வந்து வீட்டில் தங்கு, உன் பிள்ளைகள் என்னென்ன தப்பு செய்தார்கள் என்று எழுதிக் கொண்டுவா, உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உன் தோழி