தேனீ வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன; கடும்பனி பெய்த ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தேன் எடுக்கும் இயந்திரத்தின் கைப்பிடி மறுபடியும் கழன்றது, மறுபடியும் சரிசெய்தோம். இனி தேனீப் பெட்டிகளுக்கு வருவோம்.

போன குளிர் விட்டதும், செத்துப்போன தேனீக் கூட்டங்களுக்கு ஒரு தாள் நிரப்பித் தரும்படி எல்லோரையும் கேட்டிருந்தேன். வந்த தாள்களில் ‘காரணம்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: குளிர். என் தாளிலும் அதுதான் இருந்தது. அப்புறம் செத்த பெட்டியை, அடை கட்டும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். எழுதியதை அடிக்க வேண்டியதாயிற்று.

நடுச் சட்டத்தில் உள்ளங்கையை விரித்த அளவு இடத்தில், தேனீக்கள் அடையின் மெழுகு அறைக்குள் தலையை நுழைத்தபடி, வால்நுனி மட்டும் வெளியே தெரிய, வரிசையாகச் செத்திருந்தன. காலி அறையின் அடியில் ஒரு சொட்டாவது மிச்சமிருக்காதா என்று துழாவிய நிலையிலேயே உயிர் போயிருக்கிறது. அங்கிருந்து மூன்று சட்டம் தள்ளி, இரண்டு பக்கமும் மெழுகு மூடிய தேன் அப்படியே இருந்தது. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். தேன் இருக்கிற வீட்டில் பட்டினிச் சாவு.

இது எப்படி நடக்கும் என்று புது உறுப்பினர்கள் கேட்டார்கள். வெளியே சுமார் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் தேனீக்கள் அடைகளுக்கு நடுவே உருண்டையாகத் திரண்டுவிடும். வெளி வரிசையில் இருப்பவை தலையை உள்பக்கம் வைத்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். உள்ளே இருப்பவை சிறகை அசைக்காமலேயே பறக்கும் தசையை மட்டும் நடுக்கிச் சூடு உண்டாக்கும். நடுவில் முட்டையும் புழுவும் இருந்தால் அங்கே 34, 35 டிகிரி வரை காக்கும். இல்லாவிட்டால் அவ்வளவு சூடு தேவையில்லை. வெளி வரிசையில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்கும் கீழே போனால் தேனீ விறைத்துக் கீழே விழுந்துவிடும். ஆக, தேனீ பெட்டியைச் சூடாக்குவதில்லை, தன் உருண்டையை மட்டும்தான் சூடாக்குகிறது. கால் தொடும் தூரத்தில் தேன் இருக்கும் வரை உருண்டை மெல்ல மேலே நகர்ந்து சாப்பிடும். பக்கத்துச் சட்டத்துக்குப் போக வேண்டுமானால் குளிர்ந்த இடைவெளியைத் தாண்டியாக வேண்டும். நடுவில் சில மணி நேரம் இளவெயில் அடித்தாலே இடம் மாறிக்கொள்ளும். போன முறை அந்த இளவெயிலே கிடைக்கவில்லை. நடுவில் குஞ்சுகள் வேறு இருந்தால் அவற்றை விட்டு நகரவே நகராது.

நான் செய்த தவறு வேறு இடத்தில். கடுங்குளிரின் உச்சத்தில் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிட்டேன். ஆனால் மிகக் குறுகிய பகல் கடந்து, பகல் நீளத் தொடங்கியதும் ராணி மெதுவாக முட்டையிட ஆரம்பிக்கிறது. அதுவரை குறைவாக எரிந்த அடுப்பை 35 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். தேன் செலவு மடமடவென்று கூடுகிறது. பட்டினிச் சாவு குளிர்காலத்தின் கடைசியில்தான் அதிகம். ‘அப்பாடா, தாண்டிவிட்டது’ என்று நாம் பெருமூச்சு விடும் வாரங்கள் அவை.

பெட்டிக்குப் போர்வை சுற்றுவது பற்றிய விவாதம் இந்த ஆண்டு ஒரு கூட்டத்தையே விழுங்கிவிட்டது. உருண்டையின் வெளி வரிசை கம்பளி மாதிரி காக்கிறது என்பதுதான் நாம் படித்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரெக் மிட்செல் 2023-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை மறுக்கிறார்: நெருங்கி அமுங்கினால் வெப்பம் இன்னும் எளிதாகக் கடத்தப்படும், உருண்டை கட்டுவது சுகமான நிலையல்ல, தவிப்பு என்கிறார். மறுதரப்பு, மிதமான குளிரில்தான் தேனீ குறைவாகத் தின்னும், கதகதப்பாக்கினால் சும்மா திரிந்து தேனைக் காலி செய்யும் என்றது. என் கருத்தையும் பதிவு செய்கிறேன். தேனீ தானாகத் தேடிக்கொள்ளும் மரப்பொந்தின் சுவர் தடிமனானது. நாம் கொடுப்பதோ ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் பலகை. சுற்றுகிறோமோ இல்லையோ, மேல்மூடிக்கு மட்டுமாவது காப்பு போடுங்கள். தேனை எரித்தால் சூட்டோடு நீராவியும் வரும். அது குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி, உருண்டையின் தலையிலேயே சொட்டும். காய்ந்த தேனீ தாங்கும் குளிரை நனைந்த தேனீ தாங்காது.

உறுப்பினர் ஒருவர் பதறிப்போய்க் கூப்பிட்டார்: வாசலுக்கு முன்னால் பனிமேல் மஞ்சள் புள்ளிகள், கூடவே செத்த தேனீக்கள், நோயா? நோயில்லை. ஆரோக்கியமான தேனீ கூட்டுக்குள் கழிவதில்லை. வாரக்கணக்கில் அடக்கிவைத்திருந்து, வெயில் வந்து 10 டிகிரியைத் தொட்டதும் வெளியே பறந்துபோய்க் கழிக்கும். திரும்பும் வழியில் சில விறைத்து விழும். உள்ளே செத்தவற்றை இழுத்துவந்து போடுவதும் அன்றைக்குத்தான். பெட்டி உயிரோடு இருக்கிறது என்று பொருள். கறை உள்ளே சட்டங்களிலும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

குளிர்காலத் தேனீயே வேறு பிறவி. கோடைத் தேனீ ஆறு வாரம் இருந்தால் அதிகம். இலையுதிர்காலத்தில் பிறப்பது உடம்பில் கொழுப்பும் புரதமும் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் வரை தாக்குப்பிடிக்கும். (ஆண் தேனீக்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை, குளிர் வருவதற்குள் சகோதரிகள் வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள்.) தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி உறிஞ்சுவது அந்தக் கொழுப்புத் திசுவைத்தான் என்று சாமுவேல் ராம்சே குழுவினர் 2019-ல் காட்டினார்கள். ஆகவே உண்ணிக்கு வைத்தியம், இந்தத் தேனீக்கள் பிறப்பதற்கு முன்பே, கோடையின் கடைசியில் முடிந்திருக்க வேண்டும். தாள்களில் ‘குளிர்’ என்று எழுதிய சிலரின் பெட்டிகளில் நிறையத் தேன் இருந்தது, தேனீதான் ஒரு கைப்பிடிகூட இல்லை. அவற்றை உண்ணிக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

என் இன்னொரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பெட்டி போன பதற்றத்தில், உறைபனி நாளொன்றில் இரண்டாவது பெட்டியைத் திறந்துவிட்டேன். தேனீக்கள் மூடியில் பூசியிருந்த பிசின் ஒட்டு ‘டக்’கென்று உடைந்தது, உருண்டை கலைந்தது, பத்திருபது தேனீக்கள் என் கையுறைமேலேயே விறைத்தன. கூட வந்திருந்த மூத்த உறுப்பினர், “தம்பி, தூங்குகிற பிள்ளையின் போர்வையை உருவித்தான் தூங்குகிறதா என்று பார்ப்பாயா?” என்றார். பக்கவாட்டில் காதை வைத்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். ‘உஸ்’ என்று எழும்பி உடனே அடங்கினால் சரி. அழுவதுபோல் நீண்டுகொண்டே போனால் ராணியைப் பற்றிச் சந்தேகப்படலாம்.

செயற்குழு எடுத்த முடிவுகள்: இறப்புத் தாளில் ‘குளிர்’ என்று மட்டும் எழுதினால் ஏற்பதில்லை, எத்தனை சட்டத்தில் தேன், உருண்டை எங்கே, ஈரம் உண்டா, உண்ணி எண்ணினீர்களா என்று நான்கு கேள்விகள் சேர்க்கப்படும். ராணி தடுப்புத் தகட்டை (ராணி மட்டும் மேலே போகாமல் தடுக்கும் சல்லடையை) குளிருக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உருண்டை மேலே போய்விட, ராணி கீழே தனியாக மாட்டிக்கொள்ளும். பெட்டி இலேசாக இருந்தால் உருண்டைக்கு நேர்மேலே பிசைந்த சர்க்கரைக் கட்டி வையுங்கள். குளிரில் தண்ணீரான பாகு வேண்டாம். வாசலில் எலித் தடுப்பு, சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, பெட்டியை எடைபோடும் சங்கத்தின் கொக்கித் தராசு யாரிடமோ போன ஆண்டிலிருந்தே இருக்கிறது. பகல் நீள ஆரம்பித்துவிட்டது, எல்லோருக்கும் இப்போதுதான் அது வேண்டும். வைத்திருப்பவர் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வரவும்.

செயலாளர்