இடுக்கை இப்போது அடைக்க வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இறவாரத்தில், கைமரத்துக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் அந்த இடுக்கை நான் இன்னும் அடைக்கவில்லை. அடுத்த முறை வரும்போது நுரை அடித்து மூடிவிடலாம் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதிலாகத்தான் இது. நம்மைப் போலக் காட்டுக்குள் சொந்தக் கையால் மரவீடு கட்டிக்கொண்டவர்களுக்கும் உதவட்டுமே என்று எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது எலி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, திண்ணையில் விழுந்து கிடந்த எச்சத்தைத் தாளில் எடுத்துக் குச்சியால் நசுக்கினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொடிக்குள் பூச்சி இறக்கைகளின் மினுமினுப்பு. எலிப் புழுக்கை அப்படி உதிராது. வௌவால்கள், தம்பி. பெரும்பாலான வௌவால்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். அது பறக்கப் பழகச் சில வாரங்கள் ஆகும். இப்போது அடைத்தால், இரை தேடப் போன தாய் வெளியே நிற்கும், பால்குடி மறக்காத குட்டி உள்ளே கிடந்து சாகும். பகலில் மேலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கிறது. அதைக் கேட்டபின் எனக்குக் கை எழவில்லை.

குட்டிகள் பறக்கத் தொடங்கியதும் செய்யலாம். இடுக்கின் வாயில் சன்னமான வலையை மேலேயும் இரு பக்கமும் மட்டும் அடித்துத் தொங்கவிடுவோம். கீழ்ப்பக்கம் திறந்திருக்கட்டும். உள்ளே இருப்பவை ஊர்ந்து இறங்கிப் போய்விடும், திரும்ப நுழைய வழி தெரியாது. ஒரு வாரம் அப்படியே விட்டு, ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகு அடைப்போம். அதற்கு முன்பாகவே வெயில் படும் கம்பத்தில் ஒரு வௌவால் பெட்டியை ஏற்றிவிட வேண்டும். வீட்டை விட்டுப் போகச் சொல்லும்போது வேறு இடம் காட்டுவதுதானே முறை. கீழே விழுந்து கிடக்கும் எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடாதே. வெறிநோய் தொற்ற வாய்ப்பு உண்டு.

மரங்கொத்தி மீதும் உனக்குக் கோபம். எனக்கும் இருந்தது. மேற்குச் சுவரில் கொத்திக் கிழித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது அழுகையே வந்தது, நாம் ஒவ்வொரு பலகையாகத் தோளில் சுமந்த சுவர் அது. ஆனால் அது கொத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எல்லை சொல்லி அடிக்கும்போது ஒரே வேகத்தில் படபடவென்று முரசு மாதிரி ஒலிக்கும், பிறகு நின்றுவிடும். இது அப்படி இல்லை. ஒரு கொத்து, ஒரு இடைவெளி, தலையைச் சாய்த்து ஒரு பார்வை, மறுபடி இரண்டு கொத்து. இரை தேடுகிற கொத்து. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் பலகையின் அடிவிளிம்பில் துரப்பணம் போட்ட மாதிரி வட்டமான துளைகள், சுண்டு விரல் நுழையும் அகலம். கீழே மரத்தூள். மரத்தைக் குடையும் கருவண்டு. அது மரத்தைத் தின்பதில்லை, முட்டையிடக் குடைகிறது. புழுவைத் தேடி மரங்கொத்தி வருகிறது. அந்த வண்டுக்குப் பிடித்தது பூச்சில்லாத மரம். எண்ணெய் தீர்ந்துபோய், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் பூசாமல் விட்ட அதே இரண்டு பலகைகள்தான் அவை! பக்கத்துப் பலகையில் ஒரு துளைகூட இல்லை.

வண்டுகள் கிளம்பியபின் துளைகளை அடைத்து, இரண்டையும் தேய்த்து எண்ணெய் பூச வேண்டும். ஒன்றை மறக்காதே. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே. காயும்போது அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவை, அல்லது தண்ணீரில் முக்கி வை.

தூண்களைக் குத்திப் பார்த்தேன். மூன்றில் ஸ்க்ரூடிரைவர் முனை ஏறவில்லை. விறகு அடுக்கியிருந்த பக்கத்துத் தூணில் மட்டும் அரை விரல் ஆழம் இறங்கிவிட்டது, ரொட்டியில் இறங்குவது போல. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை மரம் அழுகாது. விறகு காற்றை மறித்து ஈரத்தைக் காயவிடாமல் வைத்திருந்தது. விறகைச் சுவரில் சாய்த்து அடுக்கியது நான்தான். மொத்தத்தையும் தள்ளி அடுக்கிவிட்டேன். பின்னால் பென்சில் பருமனில் கறையானின் மண்பாதை ஒன்று தரையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது, நல்ல வேளையாகப் பலகையைத் தொடவில்லை. தூணின் அடியை அறுத்து மாற்ற இரண்டு பேர் வேண்டும். புதுத் துண்டின் வெட்டுமுனைக்கு இரண்டு பங்கு எண்ணெய் ஊற்றணும், மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த முனை வழியாகத்தான்.

பட்டுப்போன மரத்தை வெட்டலாமா என்று கேட்டிருந்தாய். கயிறு பிடித்து அளந்தேன். விழுந்தாலும் கூரைக்கு எட்டாது. நிற்கட்டும். மரங்கொத்தி எப்போதோ குடைந்த பொந்தில் இப்போது ஆந்தை இருக்கிறது. அடியில் அது கக்கிய உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தேன்: ரோமம், எலி மண்டையோடு, மஞ்சள் ஏறிய பல். நம் அலமாரியைக் காவல் காப்பது அதுதான்.

இரவில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு புல்வெளியைப் பார்த்தால் பச்சைப் பொட்டுகளாக மின்னும். பனித்துளி என்று நினைத்துக் கிட்டப் போனேன், ஒவ்வொன்றும் ஓர் ஓநாய்ச் சிலந்தியின் கண். நீ வந்ததும் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

வெளிச்சம் மங்குவதற்குள் வந்து சேர். இடுக்கின் அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து வௌவால்களை எண்ணலாம். நேற்று 37 வெளியே போயின. குட்டிகள் பறக்கத் தொடங்கினால் எண்ணிக்கை ஏறும். ஏறும் வரை வலையைச் சுருட்டியே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா